கப்பல் ஏறும் நாளில்... புதுச்சேரிக்கு என்ன பங்கு?

1910 மார்ச் 31. கல்கத்தாவில் இரவு ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு குதிரை வண்டி சௌரங்கிப் பக்கம் விரைகிறது. வண்டியில் இருப்பவர்களின் பெட்டிகள் ‘டூப்ளே’ கப்பலின் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பயணச்சீட்டும் கையில் இருக்கிறது. ஆனாலும் கப்பலில் கால்வைக்க முடியவில்லை. பயணிகளைச் சோதித்துச் சான்று தர வேண்டிய மருத்துவர், வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வீடு தேடிப் போய்க் காத்திருந்து, அந்த ஒரு தாளை வாங்கிக்கொண்டு துறைமுகம் திரும்பியபோது நள்ளிரவு நெருங்கியிருந்தது. விடிவதற்குள் கப்பல் நகர்ந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி அது புதுச்சேரிக் கடலில் நங்கூரம் போட்டது. பயணிகள் பட்டியலில் வேறு பெயரில் வந்து இறங்கிய அந்த மனிதர், அரவிந்தர்.

ஒரு மருத்துவச் சான்று கிடைக்காமல் போயிருந்தால் புதுச்சேரியின் வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும். கப்பல் பயணத்தில் ஏறும் நாளுக்கு அவ்வளவு கனம் உண்டு. கப்பலின் அளவு மாறிவிட்டது, கட்டணம் மாறிவிட்டது, போகிற காரணமும் மாறிவிட்டது. ஆனால் தாள், உடல்நலம், பெட்டி ஆகிய மூன்றையும் கரையிலேயே சரிபார்த்த பிறகுதான் ஏணியில் கால்வைக்க விடுவார்கள் என்பது இன்றும் மாறவில்லை.

புதுச்சேரியில் இப்போது உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேசாத தெரு குறைவு. திருமண நாளுக்குப் போகலாமா, அம்மா அப்பாவை அழைத்துப் போக முடியுமா, பாஸ்போர்ட் வேண்டுமா, கப்பல் இங்கேயே வருமா என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஏறும் நாளில் என்னென்ன நடக்கும் என்பதையும், அந்த நாளால் நம் ஊருக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

2022இல் மறுப்பு, 2025இல் வருகை

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலை அன்றைய தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அதன் பாதையில் விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இருந்தன. சூதாட்டம், மது, ஊரின் பண்பாடு குறித்த விவாதம் கிளம்பியது. பயணிகள் இங்கே கரையிறங்க அப்போது அனுமதி கிடைக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலை 4 அன்று அதே கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் புதுச்சேரிக்கு வந்தது. கரையைவிட்டுத் தள்ளி நங்கூரமிட்டது. பயணிகள் படகுகளில் உப்பளம் துறைமுகத்துக்கு வந்து, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வரவேற்பும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அரபிக்கடல் கொந்தளிக்கும். மும்பை, கோவா, கொச்சிப் பயணங்கள் அப்போது கடினம். வங்கக் கடலின் இந்தப் பக்கம் அந்த மாதங்களில் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். அதனால்தான் மேற்குக் கரைக் கப்பல் கோடையின் முடிவில் கிழக்கே வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் புயலும் வரும்போது நிலைமை தலைகீழ். கிழக்குக் கரையில் கப்பலுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் காலண்டரைத்தான்.

இன்னொன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். புதுச்சேரி அந்தக் கப்பல் வந்துபோன ஊர். ஏறுகிற இடம் சென்னை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர் போனால்தான் நம் ஊர்க்காரர்களின் கடல் பயணம் தொடங்கும்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

ஏறும் நாளில் தமிழர்களை அதிகம் தடுமாற வைப்பது கடல் அல்ல, இனிஷியல். ஆதாரில் ‘கே. செல்வி’, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாக, முன்பதிவில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் கவுன்ட்டரில் நேரம் ஓடும். கையில் கொண்டுபோகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே முன்பதிவு செய்யுங்கள். குழந்தைகளுக்கும் அடையாளச் சான்று வேண்டும்.

இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் போகும் பயணமா, இலங்கைக்குப் போகும் பயணமா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். 2023 ஜூன் 5 அன்று இதே எம்ப்ரஸ் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை பாதையில் புறப்பட்டது. அப்படிப்பட்ட பயணத்துக்கு பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியை நிறுவனமே எடுக்கிறதா, நாம் எடுக்க வேண்டுமா என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரிகளும் சுங்கத்துறையினரும் விமான நிலையத்தில் பார்ப்பதைப் போலவே பார்ப்பார்கள்.

புதுச்சேரிக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஏராளம். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட், தம்பி பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்று இருப்பது நமக்குப் புதிதல்ல. வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுத் திரும்பினால், அது இந்தியாவைவிட்டு வெளியேறி மறுபடி நுழைவது என்றே கணக்கு. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்த உறவினர் என்றால், அந்த விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் போனால் குடும்பத்தில் ஒருவர் மட்டும் துறைமுகத்திலேயே நிற்க நேரிடும்.

━━━━━━━━━━
கைப்பையில் இருக்க வேண்டியவை

● அடையாள அட்டையின் அசல், போர்டிங் பாஸின் அச்சுப் பிரதி, செல்போனில் ஒரு படம்.

● 2 நாளுக்கு வேண்டிய மாத்திரைகள், மருத்துவர் சீட்டு. பெரிய பெட்டி கேபினுக்கு வந்துசேர மாலை ஆகலாம்.

● குழந்தைக்கு மாற்றுடை, பால் பவுடர். உங்களுக்கு மூக்குக் கண்ணாடி, சார்ஜர்.

● இஸ்திரிப் பெட்டி, மின் கெட்டில், ஊதுபத்தி, மெழுகுவத்தி வேண்டாம். நெருப்புக்கு வழி தரும் எதையும் ஸ்கேனரில் பிடித்து எடுத்துவைப்பார்கள். மதுபாட்டிலும் அப்படியே. வீட்டுச் சாப்பாட்டுக்கும் பொதுவாக அனுமதி இல்லை.

● கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வயது, மாத வரம்பு உண்டு. பல நிறுவனங்கள் 24 வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை ஏற்றுவதில்லை. முன்பதிவின்போதே கேளுங்கள்.
━━━━━━━━━━

வாயில் முதல் ஏணி வரை

சென்னைத் துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. ரயில் நிலையம் மாதிரி வழியனுப்ப வந்த உறவினர் நடைமேடை வரை வர முடியாது. எந்த வாயில் வழியாக வர வேண்டும் என்பது போர்டிங் பாஸுடன் வரும் குறிப்பில் இருக்கும். வாடகைக் கார் ஓட்டுநருக்கு அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. ராஜாஜி சாலையின் லாரி நெரிசலில் வாயில் மாறினால் அரை மணி நேரம் போய்விடும்.

ஆயிரம் பேருக்கு மேல் ஏறும் கப்பலில் எல்லோரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்ல மாட்டார்கள். ஆன்லைனில் செக்-இன் செய்யும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் கிடைக்கும். முதலில் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். கேபின் எண் உள்ள டேக் உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு ஸ்கேனர், உடல் சோதனை, அடையாளச் சரிபார்ப்பு. அதையடுத்து கேமராவில் முகம் பதிந்து கப்பல் அட்டை தருவார்கள். கேபின் கதவுக்குச் சாவியும் அதுதான், உள்ளே செலவழிப்பதற்குக் கணக்கும் அதுதான், இறங்கி ஏறும்போது நம் அடையாளமும் அதுதான்.

உடல்நலக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். காய்ச்சலை மறைத்து ஏறுவது தன்னோடு முடிகிற காரியமல்ல. 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா போன இதே எம்ப்ரஸ் கப்பலில் 66 பேருக்குக் கொரோனா உறுதியானபோது, சுமார் 2,000 பேரின் பயணம் குலைந்தது. வயிற்றுப்போக்கு, வாந்தி தரும் கிருமிகளும் கப்பலின் மூடிய அறைகளில் வேகமாகப் பரவும்.

கப்பல் மாலையில்தானே புறப்படும், கொஞ்சம் தாமதமாகப் போனால் என்ன என்று நினைக்கவே கூடாது. நுழைவு பல மணி நேரம் முன்பே மூடிவிடும். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் எண்ணி முடித்த பிறகுதான் பயணிகள் கப்பல் கரையைவிட்டு விலக வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு விதி. புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர்கள் காலை பஸ்ஸை நம்புவதைவிட முதல் நாளே சென்னை போய்த் தங்குவது நிம்மதி.

━━━━━━━━━━
எம்ப்ரஸ்: ஒரு பிரெஞ்சுப் பிறப்பு

● பிரான்சின் செயின்ட்-நாசேர் கப்பல்கட்டும் தளத்தில் உருவானது. 1990இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கடலுக்கு வந்தது.

● நீளம் சுமார் 211 மீட்டர், மொத்தக் கொள்ளளவு 48,563 டன், கேபின்கள் 796.

● ராயல் கரீபியன், புல்மான்டூர் நிறுவனங்களில் ஓடி, 2021 செப்டம்பரில் கோர்டிலியா பெயரில் மும்பையில் பயணம் தொடங்கியது.

● பிரெஞ்சுக் கப்பலொன்று தமிழர்களை ஏற்றிச்செல்வது இது முதல்முறையல்ல. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து மலேசியா, சிங்கப்பூர் போன ‘எம்.வி.சிதம்பரம்’, 1966இல் டன்கிர்க்கில் கட்டப்பட்ட ‘பாஸ்தர்’ கப்பல்தான். 1985 பிப்ரவரியில் நடந்த தீ விபத்தோடு அதன் பயணம் முடிந்தது.
━━━━━━━━━━

பஃபேக்கு முன் பயிற்சி

உள்ளே நுழைந்ததும் கேபின் தயாராக இருக்காது. முந்தைய பயணிகள் காலையில்தான் இறங்கியிருப்பார்கள். அந்த இடைவெளியில் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவார்கள், கூட்டம் அலைமோதும். குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த நேரத்தில் கப்பலை ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம். மாடிப்படி எங்கே, மருத்துவ அறை எங்கே, குழந்தைகள் எந்தத் தளத்தில் விளையாடலாம் என்று தெரிந்துகொண்டால் அடுத்த நாட்கள் எளிதாகும்.

அன்று தவறவிடவே கூடாதது பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறு ஒலி, அதன்பின் ஒரு நீண்ட ஒலி. இந்தச் சைரன் கேட்டால் கேபினிலோ அட்டையிலோ குறித்திருக்கும் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை எப்படிக் கட்டுவது, உயிர்காக்கும் படகு எங்கே தொங்குகிறது என்று ஊழியர்கள் காட்டுவார்கள். லிஃப்டில் போகாதீர்கள்.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜில்லியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் கப்பலேறிய நூற்றுக்கணக்கானோருக்கு அதற்குள் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. அதன்பின் விதி திருத்தப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை முடித்தாக வேண்டும். தாத்தாவுக்குக் கால் வலி, பாப்பா தூங்குகிறாள் என்று யாரையும் விட்டுவிடாதீர்கள். நடக்க முடியாதவர் இருந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கென்று தனி ஏற்பாடு உண்டு.

படகு மாறும் இடம்

சென்னையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும். ஏணியில் நடந்தே ஏறலாம். புதுச்சேரியில் அப்படி முடியாது. எம்ப்ரஸின் அடிப்பகுதி நீருக்குள் சுமார் 7 மீட்டர் இறங்கி நிற்கும். உப்பளம் முகத்துவாரத்தில் அவ்வளவு ஆழம் இல்லை, மணலும் ஓயாமல் மேடுகட்டுகிறது. அதனால் இங்கே கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு படகு தேவைப்படுகிறது.

இது நம் கடலின் பழைய கதை. கப்பல் வந்தது, பீரங்கி முழங்கியது, சலங்கு என்ற படகு போய் ஆட்களையும் சரக்கையும் இறக்கியது என்ற செய்திகள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நெடுகிலும் வரும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை மோதினால் பலகை வளைந்துகொடுக்கும், உடையாது. கப்பல் கேப்டனுக்குத் தெரியாத அலையின் கணக்கு அந்தப் படகோட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. 1860களில் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டப்பட்டது. 1952 புயல் அதை அழித்தது. பிறகு கட்டிய பாலமும் பழுதாகி, 2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி அலைக்குச் சரிந்தது.

நடுக்கடலில் படகு மாறுவதில் மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, காற்றும் அலையும் கூடினால் கேப்டன் கரையிறங்குவதையே ரத்து செய்யலாம். ‘புதுச்சேரி பார்த்தாயிற்று’ என்று முன்கூட்டியே நம்ப வேண்டாம். இரண்டாவது, அசைகிற இரண்டு தளங்களுக்கு நடுவே ஓர் அடி எடுத்துவைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் அது கடினம். மூன்றாவது, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைத் தெரிந்துகொண்டே ஊருக்குள் வர வேண்டும். மணக்குள விநாயகர் கோயில் வரிசையில் நிற்பவருக்காகக் கப்பல் காத்திருக்காது.

படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு

இந்தக் கரையில் எல்லோரும் விரும்பியே கப்பலேறவில்லை. 1853 மே 6 அன்று மார்த்தினிக் தீவில் ‘ஒரேலி’ என்ற கப்பல் சுமார் 300 பேரை இறக்கியது. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போனது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்ட பிறகு இந்த ஆள்சேர்ப்பு பெருகியது. ரெயூனியன் தீவுக்கும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அவர்களுக்கும் ஏறும் நாளில் மருத்துவச் சோதனை இருந்தது, பட்டியலில் பெயர் பதிந்தது, 5 ஆண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு விழுந்தது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் வாசித்திருக்க முடியாது.

இன்பச் சுற்றுலாவையும் அந்தத் துயரத்தையும் ஒன்றாக வைக்க முடியாது. ஆனால் அந்த வரலாறு ஒரு பாடத்தை விட்டுச்சென்றிருக்கிறது. கையெழுத்துப் போடுகிற தாள் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும், கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் ஈடு உண்டா, மருத்துவச் செலவு யாருடையது என்ற நிபந்தனைகள் தமிழிலும் கிடைக்க வேண்டும். இது சலுகையல்ல, பயணியின் உரிமை.

ஊருக்கு வருவதும் போவதும்

2024 செப்டம்பர் 30 அன்று மத்திய அரசு ‘குரூஸ் பாரத் மிஷன்’ திட்டத்தைத் தொடங்கியது. 2029க்குள் ஆண்டுக்கு 10 லட்சம் கடல்வழி உல்லாசப் பயணிகள் என்பது இலக்கு. அதில் புதுச்சேரிக்கு எவ்வளவு பங்கு என்று கேட்பவர்கள், ஏறும் துறைக்கும் வந்துபோகும் துறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

ஏறும் ஊரில் பயணி முதல் நாளே வந்து தங்குகிறார். ஓட்டல், சாப்பாடு, கார், கடைசி நேரக் கடைவீதி என்று பணம் அங்கே இறங்குகிறது. கப்பலுக்குக் காய்கறி, அரிசி, துணி வெளுப்பு என்று தேவைகளும் உண்டு. வந்துபோகும் ஊரில் அவர் சில மணி நேரமே இருக்கிறார். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் கப்பலில் பணம் கட்டியாயிற்று. இங்கே கிடைப்பது ஆட்டோ வாடகை, கைவினைக் காகிதம், ஊதுபத்தி, ஒரு காபி. அந்தச் சிறு வருவாய்கூட நிறுவனத்தின் ஏற்பாட்டுப் பேருந்துக்கே முழுதும் போய்விட்டால், உப்பளம் ஆட்டோ ஓட்டுநருக்கு எதுவும் மிஞ்சாது.

போவதையும் கணக்கிட வேண்டும். கப்பல் நங்கூரமிடும் கடல் வம்பாகீரப்பாளையம், வீராம்பட்டினம் மீனவர்கள் வலை விரிக்கும் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, விசைப்படகுகள் கடலுக்குப் போகும் வாரங்களில்தான் கப்பல் சீசனும் சூடுபிடிக்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் கப்பல் நிற்கும் என்பதை மீனவப் பஞ்சாயத்துகளோடு முன்பே பேசாவிட்டால் வலையும் வருமானமும் அறுந்துபோகும்.

கழிவு அடுத்த கேள்வி. சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு உள்ளே விடக் கூடாது, பிளாஸ்டிக்கைக் கடலில் எங்குமே போடக் கூடாது என்கின்றன பன்னாட்டு விதிகள். விதி இருந்தால் போதாது. நங்கூரமிட்ட நாளில் யார் சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்பது வெளியே வர வேண்டும்.

துறைமுகத்தைப் பெரிதாக்கி, கப்பலைக் கரையிலேயே கட்டிவிடலாமே என்பவர்கள் கடற்கரைச் சாலையின் கற்குவியலைப் பார்க்க வேண்டும். இந்தக் கரையோரம் மணல், ஆண்டுக் கணக்கில் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே கூடுதலாக நகர்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் எழுந்த அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. பல ஆண்டு கழித்து, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் முயற்சியில் கடலுக்குள் தடுப்புப் பாறை அமைத்த பிறகே ஒரு பகுதி மணல் திரும்பியது. மறுபடி ஒரு பெரிய சுவர் கட்டினால், அதன் விலையை நகரத்துக்கு வடக்கே உள்ள குப்பங்கள் கொடுக்க நேரிடும்.

கேட்டு வாங்க வேண்டியவை

புதுச்சேரிக்குப் பெரிய துறைமுகம் தேவையில்லை, நல்ல படகுத்துறை தேவை. உப்பளத்தில் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் பாதுகாப்பாக இறங்க மிதக்கும் மேடை வேண்டும். நிழல், குடிநீர், கழிப்பறை, தமிழில் அறிவிப்பு வேண்டும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடும் படகு வேலையில், பயிற்சியும் உரிமமும் தந்து உள்ளூர் மீனவ இளைஞர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். மூன்று நூற்றாண்டாக அந்த அலையைக் கடந்தவர்கள் அவர்களின் முன்னோர்கள். கப்பல் வரும் தேதிகளைச் சீசனுக்கு முன்பே அரசு வெளியிட வேண்டும். ஒவ்வொரு வருகைக்குப் பிறகும் வருவாயையும் கழிவுச் சோதனையையும் பொதுவில் வைக்க வேண்டும்.

சென்னை போய் ஏறும் நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு. தாள் சரிபார்ப்பையும் பெட்டிக்கு டேக் கட்டுவதையும் உப்பளத்திலேயே முடித்து, சென்னைத் துறைமுகத்துக்கு நேரடிப் பேருந்து விடலாம். முதியவர்களின் அலைச்சலில் பாதி குறையும். ஏறும் ஊருக்குக் கிடைக்கும் வருவாயில் ஒரு பகுதியும் இங்கே தங்கும்.

ஏறும் நாள் நன்றாக அமைவது பயணியின் கையில் பாதி, கரையின் கையில் பாதி. பயணி செய்ய வேண்டியது தெளிவு. பெயரைச் சரிபார்க்க வேண்டும், உடல்நலத்தை மறைக்கக் கூடாது, நேரத்துக்குப் போக வேண்டும், பயிற்சியில் நிற்க வேண்டும். கரை செய்ய வேண்டியதை, அடுத்த சீசனின் முதல் கப்பலுக்கு அனுமதிக் கையெழுத்துப் போடும் முன், புதுச்சேரி அரசு மீனவர்களையும் வணிகர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து முடிவுசெய்ய வேண்டும்.